பந்து டீச்சருது, சந்தனம் என்னுது

எங்கள் இன்ஸ்டிடியூட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்றைக்கு அதற்கு ஆரத்தி எடுத்தது என் மனைவிதான். இன்ஸ்டிடியூட் நடத்துகிற சாரின் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. அதனால் சார் என்னைக் கூப்பிட்டு, "யோவ், உன் வூட்டுக்காரம்மாவ வரச் சொல்லுய்யா, கைராசிக்காரங்க" என்றார். அவளும் குளித்து, புதுப் புடவை கட்டி வந்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டை மூன்று அட்டைப்பெட்டிகளையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றினாள். திருச்சியிலிருந்து வேனில் கொண்டுவந்த ஆட்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். "சிரிக்கட்டும். நாளைக்குக் கண்ணு பட்டு நின்னு போனா இவங்களா ஓடி வருவாங்க?" என்றாள் அவள். நின்று போனது உண்மைதான். ஆனால் அது கண் பட்டதால் இல்லை. என் கை பட்டதால்.

எண்பதுகளின் கடைசி வருஷம் அது. பெரம்பலூர் அப்போது தனி ஜில்லா ஆகவில்லை, திருச்சி ஜில்லாவில்தான் இருந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு துணிக்கடை மாடியில் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். நான் அங்கே அட்டெண்டர். படிப்பு எட்டாவது பாஸ். ஒன்பதாவதில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். காலையில் கதவைத் திறந்து, கூட்டி, சாமி படங்களுக்கு விளக்கேற்றி, சூடம் காட்டிவிட்டு, பதினாலு டைப் மிஷின்களுக்கும் உறையை எடுப்பேன். எண்ணெய் போடுவது, ரிப்பன் மாட்டுவது, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் எழுத்துக்களில் சேர்ந்த அழுக்கை எடுப்பது எல்லாம் என் வேலை. மூணாம் நம்பர் மிஷினில் 'ர' ஏன் ஒட்டுகிறது, ஒன்பதாம் நம்பர் ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் கனக்கிறது என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை கனப்பது மிஷின் இல்லை, வாரம் முழுக்க வராமல் அன்றைக்கு மட்டும் வந்து குத்துகிற ஒரு பையனின் விரல் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் எனக்கு அந்த உரிமை கிடையாது. பிளைவுட்டும் கண்ணாடியும் வைத்து தனியாக ஒரு ரூம் அடைத்து, ஏசி போட்டு, திரை தொங்கவிட்டு, வாசலில் 'காலணியை இங்கே விடவும்' என்று எழுதி வைத்திருந்தார் சார். எனக்கு உத்தரவு, "கூட்டு, சாமி கும்பிடு, போ. மிஷினைத் தொடாத." நானும் தொட்டதில்லை. அதைச் சுற்றித் துடைப்பேன், கர்ப்பகிரகத்தைச் சுற்றிக் கழுவுகிற மாதிரி.

அந்த மிஷினுக்கு ஒரு டீச்சர் வந்தார்கள். லப்பைக்குடிக்காட்டுப் பெண். வயது இருபத்திரண்டு இருக்கும். திருச்சியில் உறவுக்காரர் வீட்டில் தங்கி எட்டு மாதம் கம்ப்யூட்டர் படித்தவர்கள். அவர்கள் அத்தா, அதாவது அப்பா, துபாயில் இருந்தார். அவர்கள் தெருவில் எல்லா வீட்டிலும் வெளிநாட்டு டேப் ரிக்கார்டர் இருந்தது, ஆனால் வேலைக்குப் போகிற பெண் எந்த வீட்டிலும் இல்லை. இவர்கள்தான் முதல். அத்தா கடிதம் எழுதியிருந்தாராம், ஒரு வருஷம் போய்ப் பார்க்கட்டும், பேர் கெடாமல் இருந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று. அதற்குப் பொறுப்பு ஏற்றவர் லப்பைக்குடிக்காட்டிலேயே அத்தர், ஊதுபத்தி, சந்தனக்கட்டை கடை வைத்திருந்த அவர்கள் மாமா. அவர் முதல் நாளே டீச்சரோடு வந்து சாரிடம் சொல்லிவிட்டுப் போனார். "அவங்க அத்தா ஊர்ல இல்லாத நேரத்துல நான்தான் பாக்கணும். ஒரு பேச்சு வந்துச்சுன்னாலும் மறுநாளே கூட்டிட்டுப் போயிருவேன். நீங்க தப்பா நெனைக்கக் கூடாது."

டீச்சர் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். சார் இல்லாத நேரத்தில் எனக்கு எல்லாம் காட்டுவார்கள். கறுப்பாக, சதுரமாக, கையகலத்துக்கு மெல்லிசாக ஒன்று இருக்கும். பிளாப்பி என்று பேர். "இதுதாண்ணே மிஷினோட நோட்டுப் புத்தகம். இத உள்ள சொருகினாத்தான் அதுக்குப் படிச்சது ஞாபகம் வரும்" என்றார்கள். மூன்று விஷயம் எச்சரித்தார்கள். மடக்கக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, காந்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. மூன்றையும் நான் மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். நாலாவது ஒன்று இருந்திருக்கிறது. அதை அவர்கள் சொல்லவில்லை. ஒரு மனுஷன் அப்படிச் செய்வான் என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

ஆயுத பூஜை வந்தது. டீச்சர் லீவில் திருச்சி உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சார் சாவியை என்னிடம் கொடுத்து, "இந்த வருஷம் கம்ப்யூட்டருக்கும் சேத்துப் பண்ணுய்யா. குறை வெக்காத. ஆனா ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது" என்றார்.

ஒரு சொட்டுப் படவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். நல்ல சந்தனக்கட்டையை எடுத்து, கல்லில் நானே உட்கார்ந்து ஒரு மணி நேரம் அரைத்தேன். வெண்ணெய் மாதிரி கெட்டியாக வழித்தேன். பதினாலு டைப் மிஷின்களுக்கும் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். கம்ப்யூட்டர் டிவிக்கு மேல் சட்டத்தில் ஒன்று. கீழே இருந்த பெட்டிக்கு ஒன்று. முன்னால் இருந்த எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்துக்கும் வைக்கலாம் என்று ஆரம்பித்து, பத்து எழுத்து வைத்த பிறகு கை வலித்ததால் மீதிக்கு மனசால் வைத்தேன்.

பிறகு டப்பாவில் இருந்த பன்னிரண்டு பிளாப்பிகளைப் பார்த்தேன். மிஷினுக்குப் படிப்பே இதில்தான் இருக்கிறது என்று டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. சரஸ்வதி பூஜை அன்றைக்குப் படிப்பை விட்டுவிட்டுப் பெட்டிக்குப் பொட்டு வைத்தால் அது என்ன பூஜை? ஒவ்வொன்றாகக் காகித உறையிலிருந்து எடுத்தேன். கறுப்பு அட்டையின் மேல் வைக்கலாமா என்று யோசித்தேன். அது அட்டை, அதாவது சட்டை. நாம் திருநீறு பூசும்போது சட்டைக்கு மேலா பூசுகிறோம்? உடம்பில்தானே பூசுகிறோம்? அட்டையின் கீழ்ப்பக்கம் நீளவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் மாதிரி வெட்டியிருந்தது. அதற்குள் பழுப்பாக, பளபளவென்று உடம்பு தெரிந்தது. நெற்றி மாதிரியே இருந்தது. பன்னிரண்டுக்கும் அந்த இடத்தில் விரலால் பாந்தமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். காயும்வரை வரிசையாக நிறுத்தி, சூடம் காட்டி, எல்லோருக்கும் நல்ல படிப்பு வரணும் தாயே என்று கும்பிட்டேன். மனசு நிறைந்து போனது. சார் வந்து பார்த்தபோது அவருக்கும் நிறைந்து போனது. பிளாப்பிகள் அதற்குள் உறைக்குள் போய்விட்டதால் அவற்றின் பொட்டு அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் விஜயதசமி. காலையில் மறுபூஜை போட்டுவிட்டு, வழக்கம்போல எல்லா மிஷின்களின் பொட்டையும் துடைத்தேன். பிளாப்பிகளையும் துடைத்தேன். டைப் மிஷினுக்கு எண்ணெயும் மண்ணெண்ணெயும் துடைக்கிற துணிதான் கையில் இருந்தது. பழுப்பு உடம்பு, பழுப்புச் சந்தனம், துடைத்தது போக மிச்சம் இருந்தது கண்ணுக்கே தெரியவில்லை. பத்திரமாக உறையில் போட்டு வைத்தேன்.

பத்து மணிக்குப் புதுசாகச் சேருகிறவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் வந்துவிட்டார்கள். இருபது பேர், இருபது ஜோடி செருப்பு. டீச்சர் லீவு முடிந்து வந்து, தன் பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்துச் சொருகினார்கள். திருச்சியில் கூடப் படித்த தோழியிடம் லீவில் வாங்கி வந்ததாம். மிஷின் நன்றாக விழித்துக்கொண்டது. டீச்சர் கூட்டல் கழித்தல் எல்லாம் காட்டிக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் திரையில் எங்கிருந்தோ ஒரு சின்னப் பந்து வந்து சுவருக்குச் சுவர் துள்ள ஆரம்பித்தது. மேலே போய் முட்டும், கீழே வரும், பக்கத்தில் முட்டும்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். சாருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா! டைப் மிஷின்ல வருமா இது? பந்து!" என்று பெற்றோரைப் பார்த்துச் சொன்னார்.

டீச்சர் முகம் மட்டும் சுண்டிப் போனது. மெதுவாக, "சார், இது நான் போடல சார். இது வைரஸ்" என்றார்கள்.

"என்னது?"

"யாரோ வேணும்னே எழுதி விட்டது சார். என் பிளாப்பில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு போல. நம்ம பிளாப்பி போட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணா போயிரும்."

நம்ம பிளாப்பி என்றால் நான் பூஜை பண்ணியது. முதலாவதைச் சொருகினார்கள். உள்ளே கரகரவென்று தேங்காய் துருவுகிற சத்தம். சிவப்பு விளக்கு எரிந்தபடியே நின்றது. இரண்டாவது, அதே துருவல். மூன்றாவதுக்கு மிஷின் இங்கிலீஷில் ஏதோ திட்டியது. கடைசியில் டீச்சர் தன்னுடைய பிளாப்பியையே திரும்பப் போட்டார்கள். பத்து நிமிஷம் முன்னால் படித்ததை இப்போது அதுவும் படிக்கவில்லை. பக்கத்தில் பிளாப்பி சொருகுகிற இன்னொரு வாய் இருந்தது, அதிலும் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் துருவல்.

பெற்றவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

சார் கோபக்காரர் இல்லை. அன்றைக்கு ஆனார். "பந்து வந்துச்சு. பந்து வந்த கையோட மிஷின் போச்சு. இதுல என்னம்மா சந்தேகம்? உன் வைரஸ் என் மிஷினை உடைச்சிருச்சு."

"சார், அப்பிடி உடைக்க முடியும்னு எனக்குத் தெரியல சார்."

"தெரியலன்னா என்ன அர்த்தம்? முடியாதுன்னு சொல்லு பாப்போம்."

சார் திருச்சிக்கு டிரங்க் கால் போட்டார். மிஷின் விற்ற கம்பெனி எஞ்சினியர் சனிக்கிழமை வருவார் என்று பதில் வந்தது. சார் டீச்சரிடம், அதுவரை அந்த ரூமுக்குள் போகவேண்டாம் என்றும், வெளியே டைப் கிளாஸில் உட்கார்ந்திருக்கும்படியும் சொன்னார். "வைரஸ்தான் உடைச்சுதுன்னு அவர் சொல்லிட்டா நான் உங்க மாமாகிட்டப் பேசறதைத் தவிர வேற வழி இல்லம்மா." அந்த ஒரு வாக்கியம் போதும். அது மாமா காதுக்குப் போனால் மறுநாள் டீச்சர் வரமாட்டார்கள். எனக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும்.

மூன்று நாளில் ஊரில் வைரஸைப் பற்றித் தெரியாதவர்களே இல்லை என்று ஆகிவிட்டது. டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் அப்பா வந்து, அது வயர் வழியாக டைப் மிஷினுக்கும் வந்துவிடுமா என்று கேட்டார். சார் யோசித்துப் பார்த்து, என்னைக் கூப்பிட்டு, "எதுக்கும் எல்லா மிஷினையும் பிளக் பாயிண்ட்லேருந்து நாலடி தள்ளிப் போடுய்யா" என்றார்.

"டைப் மிஷினுக்கு வயரே கிடையாதுங்களே சார்."

"எனக்குத் தெரியாதா? தள்ளிப் போடுய்யா."

பதினாலு மிஷினையும் தள்ளிப் போட்டேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை அரியலூரிலிருந்து என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. அங்கே ஒரு சிமெண்ட் பேக்டரியில் மூட்டை எண்ணுகிற வேலை. உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. கம்ப்யூட்டர் ரூம் கண்ணாடிக்கு வெளியே ஆறடி தள்ளி நின்று, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு பார்த்தான்.

"அது உள்ள போயி கரண்டை ஏத்தி விட்டுரும் மாமா. வயரெல்லாம் உருகிரும். பம்பாய்ல ஒரு ஆபீஸ்ல டிவிப் பெட்டி வெடிச்சு மேனேஜருக்கு மீசையே போயிருச்சு."

"நீ பாத்தியாடா?"

"பாத்தவன் சொன்னான்."

"அவன் பாத்தானா?"

"அவனுக்கு லெட்டர் வந்துச்சு மாமா. சும்மா நோண்டாதீங்க."

மத்தியானம் டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் மெதுவாகக் கேட்டேன். "டீச்சர், நெசமாவே வைரஸ் மிஷினை உடைக்குமா?"

"அண்ணே, வைரஸ்ங்கறது வெறும் எழுத்துதாண்ணே. மிஷினுக்கு யாரோ எழுதி வெச்ச உத்தரவு. பந்து ஓட்டுன்னா ஓட்டும், இருக்கறதை அழின்னா அழிக்கும். எழுத்து எழுத்தைத்தான் கெடுக்கும். இரும்பை என்ன பண்ணும்? எனக்கு அப்பிடித்தான் தோணுது. ஆனா நான் படிச்சது எட்டு மாசம்ணே. எனக்குத் தெரியாத எழுத்து எவ்வளவோ இருக்கலாம்." அப்புறம், "அத்தாவுக்கு நான் கம்ப்யூட்டர் பக்கத்துல நிக்கிற போட்டோ அனுப்பிச்சேன். அங்க ரூம்ல கூட இருக்கறவங்க எல்லாருக்கும் காட்டினாராம்" என்றார்கள். டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்தார்கள். எனக்கும் இரண்டு பெண் குழந்தைகள்.

சிறுவாச்சூர் ஆத்தா கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் திறக்கும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் போனேன். என் வாழ்க்கையில் அப்படி உருகிக் கும்பிட்டதில்லை. "தாயே, அந்தப் புள்ள மேல தப்பு இல்லன்னு எனக்குத் தோணுது. உனக்குத் தெரியும் யாரு தப்புன்னு. அது யாரா இருந்தாலும் சரி, நாளைக்கு எல்லாரும் இருக்கறப்ப வெளிச்சம் போட்டுக் காட்டிரு. உனக்கு மாவிளக்கு போடறேன்." யாராக இருந்தாலும் சரி என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னேன். திரும்பி வரும்போது, எனக்கு என்னமோ மச்சான்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. அவன் மூக்கைப் பொத்தியது சரியாகப் படவில்லை.

சனிக்கிழமை எஞ்சினியர் பதினொரு மணிக்கு வந்தார். அவருக்கு முன்னால் டீச்சரின் மாமா வந்துவிட்டார். சேதி எப்படியோ போய்விட்டது. வெள்ளை வேட்டி, கையில் குடை, கோபம் இல்லாத முகம். அதுதான் பயமாக இருந்தது. டீச்சரைப் பார்த்து, "பையை எடுத்து வெச்சுக்க" என்று மட்டும் சொன்னார். டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் திரைக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

சார் எஞ்சினியரை மிஷின் பக்கம் இழுத்தார். அவரோ, "மொதல்ல ரெண்டு தோசை சார். செத்தது எங்க ஓடிறப் போவுது" என்றார். நான் ஓடிப்போய் வாங்கி வந்தேன். நாலு தோசை சாப்பிட்டார். கையைக் கழுவி, பெட்டியைத் திருப்பி, திருப்புளியால் நாலு பக்கமும் கழற்றி மூடியைத் தூக்கினார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"இங்க யாராவது ஊதுபத்தி ஏத்தினீங்களா?"

"இல்லயே. ஏன்?"

"வாசனை வருது."

மறுபடி குனிந்து, பிளாப்பி போகிற வாயைக் கழற்றி வெளியே எடுத்தார். ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து உள்ளே விட்டார். வெளியே வந்தபோது பஞ்சு மஞ்சளாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். சாரிடம் நீட்டினார். சார் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் மாமாவிடம் நீட்டினார். மாமா கடைக்காரர் அல்லவா? கண்ணை மூடி, நிதானமாக ஒரு இழுப்பு இழுத்தார்.

"சந்தனம். பவுடர் இல்ல, கட்டையில அரைச்சது. நல்ல கட்டை. கூடவே லேசா மண்ணெண்ணெய் வாடை." பஞ்சைத் திருப்பிப் பார்த்து, "குங்குமமும் இருக்கு" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த நேரத்தில் என் மனசில் வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றுதான் முதலில் வந்தது. பதினைந்து வருஷ வேலை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் டீச்சர் பையோடு நின்றதைப் பார்த்தேன். நேற்றுத்தானே கேட்டேன், யாராக இருந்தாலும் காட்டிவிடு என்று? ஆத்தா காட்டிவிட்டாள். இனிமேல் நான் ஒளிந்தால் அவளிடமா ஒளிய முடியும்?

"சார், அது நான் வெச்சதுங்க" என்றேன்.

"எதை?"

"பொட்டு. பன்னண்டு பிளாப்பிக்கும்."

எஞ்சினியர் மெதுவாகத் திரும்பினார். "பிளாப்பில எங்க வெச்சீங்க?"

"அந்த ஜன்னல்லங்க. உடம்பு தெரியுதுல்ல, அங்க. சட்டைக்கு மேலயா திருநீறு பூசுவோம் சார்? அதான்."

"அப்புறம்?"

"மறுநாள் துடைச்சுட்டேங்க. ரெண்டு பக்கமும்."

"எதால?"

"மிஷின் துணியால. எண்ணெய் துடைக்கிறது."

எஞ்சினியர் திருப்புளியை மேஜைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நாலு தோசையும் குலுங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எத்தன ஊருக்குப் போயிருக்கேன். டீ ஊத்தினவன பாத்திருக்கேன், பல்லி செத்துக் கெடந்ததப் பாத்திருக்கேன். மிஷின் அபிஷேகம் பண்ணிக்கிட்டு நின்னத இன்னிக்குத்தான் சார் பாக்கறேன்."

சார் சிரிக்கவில்லை. "அப்ப அந்த வைரஸ்? பந்து?"

எஞ்சினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பந்து வேற, இது வேற சார். வைரஸ் பிளாப்பில எழுதியிருக்கறதக் கெடுக்கும். அதத் துடைச்சிட்டுப் புதுசா எழுதிக்கலாம். மிஷினை அது தொட முடியாது. திரையைக் கெடுக்கற மாதிரி எழுதலாம், படிக்கற முனைய முட்டி முட்டித் தேய வெக்கலாம்னு சிலர் பேசிக்கறாங்க. நானும் கேள்விப்பட்டிருக்கேன். இதுவரைக்கும் ஒண்ணு கூடப் பாக்கல. இங்க நடந்தது அது இல்ல. பிளாப்பியைப் படிக்கிற முனை தலைமயிர் கனம் தூசி இருந்தாலே தடுமாறும். நீங்க அதுக்குச் சந்தனக் காப்பே சாத்திட்டீங்க. ஒரு பிளாப்பியோட சந்தனம் முனையில ஒட்டி, அப்புறம் போட்ட நல்ல பிளாப்பியையும் படிக்க விடல. ரெண்டு வாயிலயும் போட்டீங்க, ரெண்டும் அடைச்சுக்கிச்சு. அவ்வளவுதான். துடைச்சா சரியாயிரும்."

மாமா குடையை ஊன்றி முன்னால் வந்தார். "எஞ்சினியர் தம்பி, எனக்குப் புரியற மாதிரி ஒரே வார்த்தைல சொல்லுங்க. எங்க புள்ளயால மிஷின் கெட்டுச்சா, கெடலயா?"

"கெடல பாய். பந்து டீச்சருது. சந்தனம் இவருது. மிஷினைக் கெடுத்தது சந்தனம்."

டீச்சர் அப்போதுதான் வாயைத் திறந்தார்கள். "பந்து என்னால வந்ததுதான் மாமா. வெளியில வாங்கின பிளாப்பியைப் பரிசோதிக்காம போட்டது என் தப்பு. அதை நான் இல்லன்னு சொல்லல." அந்தப் பெண்ணுக்கு அந்த நேரத்திலும் தன் பங்கைத் தள்ளிவிடத் தோன்றவில்லை. எனக்குத் தலை குனிந்தது.

சார் என்னைத் திட்ட ஆரம்பித்தார். நியாயமான திட்டு. "தொடாதன்னு சொன்னேனா இல்லையா?" என்றார். "குறை வெக்காதன்னும் சொன்னீங்களே சார்" என்று என் வாய் சொல்லிவிட்டது. எஞ்சினியருக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது, அவரைப் பார்த்து மாமாவின் தாடிக்குள் ஏதோ அசைந்தது. சார் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து நீட்டி, "போய்க் காபி வாங்கிட்டு வாய்யா. டீச்சருக்கு மொதல்ல கொடு" என்றார். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. காபிதான் தெரியும்.

எஞ்சினியர் ஒரு மணி நேரம் பஞ்சும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்து துடைத்தார். புது பிளாப்பி போட்டதும் மிஷின் சத்தமில்லாமல் விழித்துக்கொண்டது. டீச்சரின் பிளாப்பியில் இருந்த பந்தையும் எப்படி அழிப்பது என்று அவர்களுக்கே காட்டிக்கொடுத்தார். போகும்போது என் தோளைத் தட்டி, "அடுத்த வருஷம் வெளிப்பெட்டிக்கு வைங்க. சாமி கோவிச்சுக்க மாட்டாரு" என்றார். நான் சாமி கும்பிடுவதை அவர் ஒரு வார்த்தை கேலி பண்ணவில்லை. என் பக்தியில் தப்பு இல்லை, பொட்டு வைத்த இடம்தான் தப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மணி மூன்று ஆகியிருந்தது. டைப் கிளாஸ் பிள்ளைகள் வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண், "டீச்சர், இன்னிக்கு கம்ப்யூட்டர் கிளாஸ் உண்டா?" என்று கேட்டது. டீச்சர் மாமாவைப் பார்த்தார்கள். பை இன்னும் தோளில்தான் இருந்தது. நான் காபி டம்ளர்களைப் பொறுக்குகிற மாதிரி அங்கேயே நின்றேன்.

மாமா மிஷினைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"கிளாஸ் எத்தன மணிக்கு முடியும்?"

"அஞ்சரைக்கு மாமா."

"எனக்குக் கடை இருக்கு. நான் இந்த பஸ்ஸுக்குப் போறேன். நீ வழக்கம்போல ஆறு மணி பஸ்ல வா."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். டீச்சர் பையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினார்கள். நான் வாசல் திரையை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றச் சொன்னேன்.